உப்பும் ஜிப்ஸமும்

சமையலுக்கும் தோல் பதனிடுதற்கும் உபயோகமாகும் உப்பும், சிமிட்டிக்கும் நிலக்கடலைப் பயிருக்கும் உபயோகமாகும் ஜிப்ஸமும் பார்வைக்கும் பயனுக்கும் வெவ்வேறான வஸ்துக்களாகத் தோன்றினும், இரசாயன சாஸ்திர முறைப்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும், அவற்றுள் ஒன்று பாலாற்றங்கரைக் கிராமங்கள் பலவற்றில் கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. மற்றொன்று, கெட்ட நிலத்தைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சீர்ப்படுத்த வல்லது. அந்நிபந்தனைகள் இன்னவை என்று அறியாமல், "நிலம் பூத்துப் போயிற்று, ஜிப்ஸம் வாங்கிப் போடுவோம்" என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டிப் பணத்தை நஷ்டப்படுத்துவோர் உளர். வேறு சிலர், போட வேண்டிய நிலத்திலும் போடாமல், மழை கழுவிவிடும் என்று காத்திருந்து நிலத்தை முன்னிலும் மோசமாக்கிவிடுகின்றனர். இவ்விரு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. ஆகையால் இவ்விரண்டு வஸ்துக்களின் இரசாயனத்தைச் சிறிது விரிவாகவே எடுத்துரைப்பது நலம் என்று எண்ணுகிறோம்.

திராவகமும் காரமும் கூடினால் இரண்டும் தத்தம் குணம் இழந்து, ஓர் உப்பும் ஜலமும் உண்டாகும். ஸோடியக் காரமும் ஹைட்ரோகுளோரிக் திராவகமும் கூடினால் உண்டாவது நாம் உண்ணும் உப்பு. அதன் சாஸ்திரப் பெயர் ஸோடியம் குளோரைடு. சுண்ணாம்பும் கந்தகத் திராவகமும் கூடினால் உண்டாவது ஜிப்ஸம். அது கால்ஷியம் ஸல்பேட்டுடன் இரண்டு பங்கு ஜலம் சேர்ந்த பளிங்கு. நாட்டு வைத்தியர் அதைக் கற்பூர சிலாசத்து என்பர். ஆகவே இரசாயன நூலில் "உப்பு" என்பது ஒரு வஸ்துவின் பெயர் அன்று, ஒரு குலத்தின் பெயர். தோல் தொழிற்சாலைக்கு உள்ளேயே இவ்விரண்டையும் காணலாம். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு. மயிர் நீக்கச் சுண்ணாம்பு. பின்னர் ஊறல் போடுவதற்கு உப்பும் கந்தகத் திராவகமும். சுண்ணாம்புச் சாக்கடையும் கந்தகத் திராவகச் சாக்கடையும் ஒன்றாய்க் கலக்குமிடத்தில் ஒருவரும் கேளாமலே ஜிப்ஸம் உண்டாகிறது.

இனி, இரண்டின் அமைப்பைப் பார்ப்போம். உப்பில் 23 பங்கு ஸோடியமும் 35.5 பங்கு குளோரினும் உள்ளன. ஆகக் கூடுதல் 58.5. ஸோடியம் கத்தியால் அரியத்தக்க மெல்லிய உலோகம். தண்ணீரில் இட்டால் சீறிக் கொதிக்கும். குளோரின் பசுமஞ்சளான விஷவாயு. இரண்டும் கூடியபின் விஷமும் இல்லை, சீற்றமும் இல்லை. ஜிப்ஸத்தில் 40 பங்கு கால்ஷியம், 96 பங்கு ஸல்பேட், 36 பங்கு ஜலம், கூடுதல் 172. நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு கால்ஷியமும் 18 பங்குக்குச் சற்று அதிகமாகக் கந்தகமும் இதில் அடக்கம். சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இந்த ஜலத்தில் முக்கால் பங்கு நீங்கி, சிலை வார்ப்போரும் எலும்பு முறிவுக்குக் கட்டுவோரும் உபயோகிக்கும் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. அதில் மீண்டும் தண்ணீர் வார்த்தால் இறுகி ஜிப்ஸமாகிவிடும். இவ்விஷயம் விவசாயத்திற்குச் சம்பந்தம் இல்லாததாயினும், ஒரு வஸ்துவில் அடங்கிய ஜலமும் எண்ணிக்கைப்படியே நிற்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

ஸோடியத்திற்கு ஒரு கையும் கால்ஷியத்திற்கு இரண்டு கைகளும் உண்டு என்று மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். குளோரினுக்கும் ஒரு கை, ஸல்பேட்டுக்கு இரண்டு. கைகள் ஒன்றோடொன்று கோத்துக் கொள்ளும்போது மிச்சம் இராது. இந்தக் கைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விஷயம் யாவும் எளிதில் விளங்கும்.

தண்ணீரில் இட்டவுடன் இரண்டும் பிரிந்து விடுகின்றன. உப்பு, ஸோடிய அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரியும். ஜிப்ஸம், கால்ஷிய அயனியாகவும் ஸல்பேட் அயனியாகவும் பிரியும். அயனி என்பது மின்சாரச் சார்பு கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம். இக்காரணத்தால்தான் கிணற்று நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதில் பாய்கிறது என்று அளந்து, அதில் எவ்வளவு உப்பு உளது என்று மண் பரிசோதனை நிலையத்தார் கணிக்கின்றனர். ஆனால் அந்த ஓர் எண் மட்டும் எந்த உப்பு என்று சொல்லாது. எந்த உப்பு என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

பிரிவதில் இரண்டும் ஒன்றாயினும் கரைவதில் மிக வேறுபட்டவை. ஒரு லிட்டர் தண்ணீரில் சாதாரண உப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். ஜிப்ஸம் 2½ கிராமே கரையும். தூத்துக்குடி, வேதாரண்யம் முதலான இடங்களிலுள்ள உப்பளங்களுக்குச் சென்றவர்கள் இந்த வேற்றுமையைக் கண்ணால் கண்டிருக்கலாம். கடல் நீர் பாத்தி பாத்தியாகக் காய்ந்து வருகையில் முதலில் அடியில் தங்குவது ஜிப்ஸம். அது தங்கிய பின், மிஞ்சிய நீரைக் கடைசிப் பாத்திக்கு விட்டால்தான் உப்பு விளையும். ஒரே கடலில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வழியிலேயே உட்கார்ந்து விடுகிறான். மற்றவன் கடைசிவரையில் தண்ணீரோடு செல்கிறான். நிலத்திலும் அவ்வாறே. ஜிப்ஸம் இட்ட இடத்தில் பெரும்பாலும் நின்று சிறுகச் சிறுகக் கரையும். உப்போ தண்ணீர் போகுமிடமெல்லாம் போகும்: சாக்கடையிலிருந்து ஏரிக்கு, ஏரியிலிருந்து ஊற்றுக்கு, ஊற்றிலிருந்து கிணற்றுக்கு.

தோலில் உப்புத் தூவுவது ஏன்? உரித்த தோலில் நூற்றுக்கு அறுபது பங்குக்குக் குறையாமல் ஜலம் இருக்கிறது. அதைக் கொண்டே அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுகின்றன. தோல் எடையில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு உப்புத் தடவினால், உப்பு அந்த ஜலத்தை வெளியே இழுத்துக்கொள்கிறது. கிருமிகளின் உடலிலுள்ள ஜலமும் போகிறது. பிறகு தொழிற்சாலையில் முதல் வேலையாகத் தோலை ஊறவைத்து அவ்வுப்பு முழுவதையும் தண்ணீரில் இறக்கிவிடுகின்றனர். தோலைக் காக்கும் இதே குணந்தான் பயிரைக் கொல்வது. வேர், மண்ணிலுள்ள நீரை உறிஞ்சுவதற்கு மண் நீரைவிட வேரினுள் இருக்கும் சாறு செறிவாக இருத்தல் வேண்டும். மண் நீர் உப்பால் செறிந்துவிட்டால், ஈரம் காலடியில் இருக்கப் பயிர் தாகத்தால் வாடும். பாத்தியில் தண்ணீர் நிற்கையிலேயே இலைநுனி தீய்ந்து போவதைக் கண்டு பூச்சி மருந்து அடிப்போர் உண்டு. அது வீண் செலவு. ஜிப்ஸம் இத்தீங்கைச் செய்ய இயலாது. எத்துணை மூட்டை கொட்டினாலும் மண் நீரில் 2½ கிராமுக்குச் சிறிது கூடுதலாகவே அது கரையுமாதலால், செறிவு ஓர் எல்லையைத் தாண்டாது.

எவ்வளவு உப்பு சேர்கிறது என்று கணக்குப் பார்த்தால் மலைப்பு உண்டாகும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்று நீர் வாயில் வைத்தால் சற்றே கரிக்கும், மாடுகள் குடித்துவிடும். அந்நீரை ஓர் ஏக்கருக்கு ஒரு தடவை 5 சென்டிமீட்டர் உயரம் கட்டினால் 2 லட்சம் லிட்டர் ஆகும். அதனோடு 200 கிலோ உப்பும் வயலில் இறங்கும். பத்துத் தண்ணீர் கட்டினால் 2 டன். பயிர் நீரைக் குடித்து ஆவியாக்குமே தவிர உப்பை உண்ணாது. வடிகால் இல்லாத வயலில் அது அங்கேயே தங்கும்.

இது பாலாற்றுப் பக்கத்து மிராசுதாரர்களுக்குப் புதிதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஆதியில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். 1903-ல் சென்னையில் ஆல்பிரெட் சாட்டர்ட்டன் துரையவர்கள் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைப் பரீக்ஷித்து இந்நாட்டில் புகுத்தினார். பட்டையாயினும் குரோமியமாயினும் முதலில் வேண்டுவது உப்பே. சுப்ரீம் கோர்ட்டார் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பில், இத்தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முற்றாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த கணிப்பை எடுத்துக் காட்டினர். கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நியாயமும் அத்தீர்ப்பிலேயே நிலைநாட்டப்பட்டது. அதன்படி ஏற்பட்ட அதிகார சபை 2001-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. அரக்கோணம் தாலுகாவில் தோல் தொழிற்சாலைகள் அதிகம் இல்லையே என்று நம்மவர் அசட்டையாக இருத்தல் ஆகாது. பாலாற்று அணையிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் தண்ணீர் வருவதை யாவரும் அறிவர். மேலே கரைந்தது கீழே வரும் என்பது உப்பின் சுபாவம்.

தொழிலைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதைக் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் நம் கிராமங்களிலேயே ஏராளம். தோலை நனைக்குமுன் உதறி, ஒட்டாத உப்பைத் தனியே சேர்ப்பதும், ஊறல் நீரை மற்றச் சாக்கடையோடு கலக்காமல் பாத்திகளில் வெயிலில் காயவைப்பதும் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோர் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் முறைகள். இரசாயன முறைகளால் குரோமியத்தைப் படிய வைத்து எடுத்துவிடலாம், சுண்ணாம்பையும் படியவைக்கலாம். உப்பைப் படியவைக்கும் மருந்து கிடையாது. முன் சொன்ன கரைசல் குணமே இதற்கும் காரணம். தண்ணீரை ஆவியாக்கியோ, சவ்வின் வழியே அழுத்தி வடித்தோதான் அதைப் பிரிக்கவேண்டும். பிரித்த பின்னும் உப்பு மலையாகக் குவிந்து நிற்கும்.

இனி மண்ணுக்கு வருவோம். களிமண் துகள்களின் மேற்பரப்பு கால்ஷியம், ஸோடியம் முதலிய அயனிகளைப் பிடித்து வைத்துக் கொள்ளும் தன்மையுடையது. நல்ல நிலத்தில் அங்கே கால்ஷியமே அதிகம். இரண்டு கையுள்ள கால்ஷியம் துகள்களைச் சேர்த்து நிறுத்துகிறது. மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீரும் காற்றும் உள்ளே புகும். ஸோடியம் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்காகப் பாய்ச்சினால், ஒற்றைக் கை ஸோடியம் கூட்டமாக வந்து கால்ஷியத்தை அப்புறப்படுத்தி அதன் ஸ்தானத்தில் அமர்ந்து கொள்கிறது. பிறகு துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சேறாய்க் கரைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும். அதுவே களர். அந்நிலத்தில் ஜிப்ஸம் இட்டு நீர் தேக்கினால், கால்ஷியம் களிமண்ணில் ஏறும்; ஸோடியம் இறங்கி ஸல்பேட்டோடு சேர்ந்து ஸோடியம் ஸல்பேட்டாகி நீரில் கரைந்து நிற்கும். கைக்குக் கை மாற்றம். இரண்டு ஸோடியத்திற்கு ஒரு கால்ஷியம். ஸோடியம் அழிந்துபோயிற்று என்று எண்ணற்க. எந்த அணுவும் அழிவதில்லை. களிமண்ணை விட்டுத் தண்ணீருக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. அத்தண்ணீரை வெளியே வடித்தால்தான் வைத்தியம் முடிந்தது.

ஆகவே நிலத்தை மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தல் அவசியம்.

முதலாவது உவர் நிலம். இங்கே கரையும் உப்பு அதிகம்; மேலே வெள்ளை பூக்கும்; ஆயினும் களிமண்ணில் ஸோடியம் மிஞ்சவில்லை. பரிசோதனைத் தாளில் மின்கடத்தும் திறன் 4-க்கு மேலும், மாற்றத்தக்க ஸோடியம் நூற்றுக்கு 15-க்குக் கீழும் இருக்கும். இதற்கு ஜிப்ஸம் வேண்டாம். போடுவது காசுக்குக் கேடு. நல்ல நீர் கொண்டு கழுவுதல் ஒன்றே பரிகாரம். 30 சென்டிமீட்டர் ஆழத்து மண் வழியே 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் இறங்கினால், உப்பில் சுமார் ஐந்தில் நாலு பங்கு நீங்கும் என்பது பொதுக் கணக்கு. ஓர் ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர் ஆகிறது. கரிக்கும் கிணற்றிலிருந்து இதை இறைப்பதில் பயனில்லை, மழையே கதி. ஆதலின் பருவத்திற்கு முன் வயலை மட்டப்படுத்தி, வரப்பை உயர்த்தி, தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வெட்டி வைத்தவனுக்கே மழையால் பயன்.

இரண்டாவது களர் நிலம். கரையும் உப்பு குறைவு, ஸோடியம் நூற்றுக்கு 15-க்கு மேல், காரநிலை 8.5-க்கு மேல். வெள்ளைக்குப் பதிலாகச் சில இடங்களில் கருமை படரும். மக்கிய பொருள் காரத்தில் கரைந்து மேலே வருவதே அக்கருமை. இங்கு ஜிப்ஸம் சஞ்சீவி. எவ்வளவு வேண்டும் என்பதைக் கைக் கணக்கே சொல்லும். நூறு கிராம் மண்ணில் ஒரு மில்லி-சமானம் ஸோடியத்தை மாற்ற, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, ஏக்கருக்குச் சுமார் 700 கிலோ சுத்த ஜிப்ஸம் தேவை. மூன்று மில்லி-சமானம் மாற்றவேண்டியிருப்பின் 2 டன்னுக்குச் சற்று மேல். தாளில் கண்ட முழு அளவில் பாதியை முதலில் இடுவது நெல் நிலத்திற்குப் போதும் என்பது பல்கலைக்கழகத்தாரின் சிபாரிசு. சிறு பாத்திகளாகப் பிரித்து, பொடியைச் சீராகத் தூவி, சேறடித்து, விரற்கடை விரற்கடையாக அன்றி அரை முழம் தண்ணீர் தேக்கிச் சில தினங்கள் நிறுத்தி வடிக்கவேண்டும். மறுபடி தேக்கி வடிக்கவேண்டும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்ற நெல் ரகங்களில் கிடைப்பதை நடலாம். வடிகாலுக்கு இடமில்லாதவர் ஜிப்ஸத்திற்குப் பணம் செலவிடுமுன் அண்டை நிலத்தாரோடு வாய்க்கால் விஷயம் பேசி முடிப்பது உத்தமம்.

மூன்றாவது, இரண்டும் கலந்த உவர்களர். தோல் சாக்கடை கலந்த கிணற்று நீர் பாய்ந்த நிலங்களில் இது நேரக்கூடும்; ஏமாற்றுவதும் இதுவே. உப்பு மிகுந்திருக்கும் வரையில் களித்துகள்கள் விலகாமல் நிற்குமாதலால் மண் பொலபொலப்பாகவே தோன்றும். நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிய மாத்திரத்தில், களிமண்ணில் ஒளிந்திருந்த ஸோடியம் தன் வேலையைக் காட்டும். நிலம் ஒரே பருவத்தில் இறுகித் தண்ணீர் குடிக்காத தரையாகிவிடும். ஆகவே இவ்வகை நிலத்தில் ஜிப்ஸம் மழைக்கு முன் மண்ணில் சேர்ந்திருத்தல் வேண்டும். முன் இட்டால் மருந்து. மழை கழுவிய பின் இட்டால், இறங்காத தண்ணீரோடு போராட்டம்.

மூன்றில் எது என்று வீட்டிலேயே சிறிது ஊகிக்கலாம். உலர்ந்த சிறு மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்து வைத்த மழைநீரில் ஆட்டாமல் அசைக்காமல் இட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கவேண்டும். கட்டி உதிர்ந்தும் மேல் நீர் தெளிவாயிருந்தால் ஸோடியக் கேடு அதிகமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கினால் ஸோடியம் உளது. கலங்கும் நீரில் ஒரு சிட்டிகை ஜிப்ஸப் பொடி இட்டுக் கலக்கி வைத்தால் களி திரண்டு அடியில் படிவதையும் காணலாம். ஜிப்ஸம் வயலில் செய்யப்போகும் வேலை அதுவே. கிணற்று நீருக்குச் சோப்பு ஒரு சோதனை: கால்ஷியமும் மக்னீஷியமும் மிகுந்த நீரில் சோப்பு திரிந்து ஏடாகும், ஸோடியத்தில் அவ்வாறு திரியாது. "சோப்பு நன்றாய் நுரைக்கிறது; ஆகவே நல்ல தண்ணீர்" என்று துணி துவைப்போர் சொல்லை நம்பி வயலுக்குப் பாய்ச்சுவது அபாயம். வண்ணானுக்கு நல்ல தண்ணீர் எப்போதும் மண்ணுக்கு நல்ல தண்ணீர் அன்று.

இவை ஊகத்திற்கே, தீர்மானத்திற்குப் பரிசோதனைத் தாளே வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' போன்ற குழி தோண்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் சுரண்டிக் கலந்து, நாலாய்ப் பங்கிட்டு எதிர்ப்பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி அனுப்புக. வெள்ளை பூத்த இடத்தையும் பூக்காத இடத்தையும் ஒன்றாய்க் கலக்கலாகாது. கிணற்று நீரை எடுக்குமுன் கால் மணி நேரம் இறைத்து விட்டு, அதே நீரில் புட்டியை மும்முறை அலம்பி நிரப்புக. சர்வே எண், தேதி, கிணற்றின் ஆழம் மூன்றையும் சீட்டில் எழுதுக. கிராம நிர்வாக அதிகாரிகள் இத்தாள்களின் நகலை வருஷவாரியாகக் கிராமத்திலேயே சேர்த்து வைப்பார்களாயின், எந்தக் கிணறு எந்த வருஷம் முதல் கெட ஆரம்பித்தது என்பதற்கு வாய்ப்பேச்சு அல்லாத ஆதாரம் இருக்கும். நஷ்டஈட்டு விசாரணைகளில் வாய்ச்சொல்லைவிட எழுத்தே நிற்கும்.

உப்பு இறங்கிய நிலத்தில் பயிர்த் தேர்வும் முக்கியம். பருத்தி உப்பை நன்கு தாங்கும். நெல்லும் நிலக்கடலையும் ஓரளவே தாங்கும். அவரை இனத்துப் பீன்ஸ், வெங்காயம், காரட் ஆகியவை கொஞ்சமும் தாங்கா. நிலக்கடலைக்கு ஜிப்ஸம் இடுவது களர் வைத்தியத்தைச் சேர்ந்ததன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கடலைக்காய் தனக்கு வேண்டிய கால்ஷியத்தை வேர் மூலமாக அல்லாமல் மண்ணில் இறங்கிய விழுதும் காயுமே நேராக உறிஞ்சிக் கொள்கின்றன. அது குறைந்தால் பொக்குக் காய் மிகும். கந்தகம் எண்ணெய்க்கு உதவும். விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ வீதம், செடியின் அடியில் தூவி மண் அணைத்து விடவேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்து இடுக. ஈரமின்றேல் ஜிப்ஸம் கரையாது, கரையாத கால்ஷியத்தைக் காய் உண்ணாது.